ஜர்னல் கைக்கு வந்துவிட்டது, சாட்ஜிபிடி பதில் சொல்கிறது: மருத்துவக் கல்லூரி நூலகர் இனி எதைக் கற்க வேண்டும்?

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்ததிலிருந்து மருத்துவக் கல்லூரி நிர்வாகங்களில் ஒரு கேள்வி சுற்றுகிறது. ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் கம்ப்யூட்டருக்கே வந்தாச்சு, எதைக் கேட்டாலும் ஏஐ பத்தி பத்தியாகப் பதில் கொடுக்கிறது, அப்புறம் நூலகருக்கு எதற்குப் பயிற்சி, எதற்குப் புது சாஃப்ட்வேர்? நூலகர்கள் பக்கம் குழப்பம் வேறு மாதிரி. தெருவுக்கு ஒரு வெபினார் நடக்கிறது, எல்லாவற்றுக்கும் சான்றிதழ் தருகிறார்கள், எதைக் கற்றால் வார்டில் இருக்கும் டாக்டருக்கும் தீசிஸ் எழுதும் பிஜி மாணவருக்கும் உதவும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி என்று கொங்குப் பக்கத்தில் மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரியாவது வந்துவிட்டது, தனியார் கல்லூரிகள் வேறு. ஆகவே இதை அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

எது கிடைத்தது, யாருக்குக் கிடைத்தது

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பெரிய பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். ஒருங்கிணைப்பது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற யுஜிசியின் நூலக இணைப்பு மையம்.

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது மூன்று விஷயங்கள்.

1. இது இலவசம் இல்லை. கல்லூரி கட்டிய சந்தாவை இப்போது மத்திய அரசு கட்டுகிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் 2027 வரை.

2. இது எல்லோருக்கும் இல்லை. மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். கோவை அவிநாசி சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியும் அதில்தான் இருக்கிறது, பெரிய தனியார் மருத்துவமனைகளும் அதில்தான் இருக்கின்றன. முதல் கட்டத்தில் அரசுக் கல்லூரிக்கு உண்டு, தனியாருக்கு இல்லை. தனியார் நூலகர் பழையபடி பதிப்பகத்தோடு தனியாகப் பேரம் பேசித்தான் ஆக வேண்டும்.

3. இது ஜர்னல்களுக்கான சந்தா. நோயாளியைப் பார்த்துக்கொண்டே டாக்டர்கள் திறந்து பார்க்கும் அப்டுடேட் மாதிரியான கருவியோ, எம்பேஸ் மாதிரியான தேடல் டேட்டாபேஸோ வேறு கணக்கு.

மூன்றாவதில்தான் சிக்கலே இருக்கிறது.

ஜர்னல் வேறு, டேட்டாபேஸ் வேறு

ஜர்னல் என்பது கட்டுரை இருக்கும் இடம். டேட்டாபேஸ் என்பது எந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. மருத்துவத்தில் உலகம் முழுக்கப் பயன்படும் அட்டவணை பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1996இல் தொடங்கி, 1997இலிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இப்போது அதில் மூன்றரைக் கோடிக்கும் மேல் கட்டுரை விவரங்கள் இருக்கின்றன. பப்மெட்டில் இருப்பது பெரும்பாலும் தலைப்பும் சுருக்கமும்தான். முழுக் கட்டுரை வேண்டுமென்றால் சந்தா இருக்க வேண்டும், அல்லது அந்தக் கட்டுரை பிஎம்சி போன்ற திறந்த களஞ்சியத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த சொல் மெஷ். ஒரே நோயை ஒரு டாக்டர் ஒரு பேரில் எழுதுவார், இன்னொருவர் வேறு பேரில் எழுதுவார். பஞ்சு மில் தூசியால் வரும் நுரையீரல் நோயை ஒருவர் பிசினோசிஸ் என்பார், ஒருவர் பிரவுன் லங் என்பார், ஒருவர் நோயின் பேரையே சொல்லாமல் 'நூற்பாலைத் தொழிலாளரின் மூச்சுத்திணறல்' என்று தலைப்பு வைத்திருப்பார். இப்படி எழுதப்பட்டவற்றையெல்லாம் ஒரே குறிச்சொல்லின் கீழ் கொண்டுவரும் பட்டியல்தான் மெஷ். 1960இல் வந்தது, ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். சுமார் 30,000 தலைப்புச் சொற்கள் இருக்கின்றன.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் போதுமா, மடை திருப்ப ஆள் வேண்டாமா? ஒரே நாடு ஒரே சந்தா என்பது வாய்க்காலில் வந்த தண்ணீர். மடை திருப்பும் வேலை பப்மெட்டிலும் மெஷ்ஷிலும் இருக்கிறது, அதை யாரும் சந்தாவோடு சேர்த்துத் தரவில்லை.

சாணிப்பவுடரைத் தேடிப் பாருங்கள்

நம் பகுதி விஷயம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். வாசல் தெளிக்கச் சாணிக்குப் பதிலாகக் கரைக்கும் சாணிப்பவுடர். உடலுக்குள் போனால் விஷம். கொங்கு மாவட்டங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இது நன்றாகவே தெரியும், சென்னையைத் தாண்டினால் பல டாக்டர்களுக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. ஒரு பிஜி மாணவர் இதை வைத்துத் தீசிஸ் எடுக்கிறார் என்று வையுங்கள். இதுவரை என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டும்.

1. முதலில் உள்ளூர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடிப்பார். 'சாணி' என்பதை ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' போட்டு எழுதியவர்களும் உண்டு, இரண்டு 'ஏ' போட்டு எழுதியவர்களும் உண்டு, மொழிபெயர்த்து 'கௌ டங் பவுடர்' என்று எழுதியவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் அடித்தால் மற்றவை வராது. வரும் சில கட்டுரைகளைப் பார்த்து, அவ்வளவுதான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்.

2. விவரமானவர் வேதிப்பெயருக்குப் போவார். மஞ்சள் பொடி ஆரமைன் ஓ, பச்சைப் பொடி மாலகைட் கிரீன். ஆரமைன் என்று அடித்தால் காசநோய்க் கட்டுரைகள் வந்து கொட்டும். ஏனென்றால் சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் பூசும் சாயமும் அதே ஆரமைன்தான். மாலகைட் கிரீன் என்று அடித்தால் மீன் வளர்ப்பு வந்து நிற்கும், மீன்களின் பூஞ்சை நோய்க்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விஷ பாதிப்புக் கட்டுரைகள் இந்தக் குவியலுக்கு அடியில் எங்கோ கிடக்கும்.

3. 'காசநோய் வேண்டாம்' என்று ஒரு 'நாட்' போட்டு வெட்டலாமா? ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சாணிப்பவுடர் நோயாளிக்கு முன்பு காசநோய் இருந்தது என்று சுருக்கத்தில் ஒரு வரி இருந்தால் அந்தக் கட்டுரையும் சேர்ந்து போய்விடும். தேர்ந்த நூலகர்கள் 'நாட்'டை எளிதில் தொடமாட்டார்கள்.

4. மெஷ்ஷில் ஆரமைனுக்கான தலைப்புச் சொல் பென்சோஃபெனோனீடம். இதை யாரும் ஊகிக்க முடியாது, மெஷ் உலாவியில் தேடித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அதோடு 'நஞ்சாதல்', 'பக்க விளைவு', 'நச்சுத்தன்மை' ஆகிய துணைத் தலைப்புகளை இணைத்தால் காசநோய்க் கூட்டத்தில் பெரும்பகுதி தானாக விலகிவிடும்.

5. மெஷ் மட்டும் போதுமா என்றால் போதாது. பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் குறிச்சொல் கிடையாது. பப்மெட்டுக்குள்ளேயே, தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் சேர்க்கும் மெட்லைன் பட்டியலில் உள்ள இதழ்களுக்குத்தான் அது உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் குறியிடலையும் பெரும்பாலும் கணினி நிரல்தான் செய்கிறது, தேவைப்படும் இடத்தில் மனிதர் சரிபார்க்கிறார். ஆகவே மெஷ் ஒரு வரி, தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சொற்கள் இன்னொரு வரி, இரண்டையும் 'ஆர்' (அல்லது) போட்டு இணைக்க வேண்டும்.

6. அதற்கும் மேலே ஒன்று. இந்தச் சங்கதியை எழுதுபவர்கள் நம் பக்கத்து டாக்டர்கள். அவர்கள் எழுதும் இந்திய இதழ்களில் பல மெட்லைனில் இல்லை. தீசிஸாகவே நின்றுபோனவையும் உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடுகளைத் தேட வேண்டும், கூகுள் ஸ்காலரிலும் ஒரு சுற்று போக வேண்டும். ஸ்காலர் ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுக்கு மேல் காட்டாது, எந்தெந்த இதழ்களை அலசுகிறது என்று பட்டியலும் தராது. துணைக்குச் சரி, அதை மட்டும் நம்பக் கூடாது.

இந்த ஆறு படியும் தெரிந்த ஒருவர் அரை நாளில் செய்யும் வேலையைத் தெரியாத ஒருவர் ஒரு மாதம் செய்துவிட்டு, 'இதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை' என்று தீசிஸின் முதல் அத்தியாயத்தில் எழுதுவார். அந்த வாக்கியத்தை எத்தனை தீசிஸில் பார்க்கிறோம்!

தேடல் தப்பினால்

தீசிஸ் மட்டும் என்றால் மார்க்கோடு போகும். 2001 ஜூனில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்தது அப்படியில்லை. ஆஸ்துமா ஆய்வுக்குத் தன்னார்வலராக வந்த ஆரோக்கியமான 24 வயதுப் பெண், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்த பிறகு நுரையீரல் கெட்டு இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் பப்மெட்டில் தேடியிருந்தார். ஆனால் அன்றைய பப்மெட் 1966க்கு முன்னால் போகாது. அச்சு அட்டவணைகளையும் பழைய நூல்களையும் புரட்டத் தெரிந்த யாரையாவது கேட்டிருந்தால் அகப்பட்டிருக்கும் என்று மருத்துவ நூலகர்கள் அப்போதே எழுதினார்கள். தேடும் இடத்தின் எல்லை எது என்று தெரிந்திருப்பது இந்த வேலையில் பாதி.

மறுபக்கக் கணக்கும் உண்டு. 1992இல் வெளியான, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், நூலகத்தில் கேட்டு வாங்கிய தகவலால் நோயாளியின் சிகிச்சையில் ஏதாவது ஒன்றை மாற்றிச் செய்ததாகப் பதிலளித்த டாக்டர்களில் சுமார் 80 சதவீதம் பேர் சொன்னார்கள். பழைய ஆய்வுதான். டாக்டர்கள் தாங்களே சொன்னது, அதனால் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் நூலகப் பட்ஜெட்டை வெட்ட வரும் கூட்டத்தில் வைக்கத் தகுந்த எண்.

ஏஐ எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஆண்டே நூலகங்களுக்குப் புதுவித வேலை வந்தது: இல்லாத கட்டுரையைத் தேடிக் கொடுக்கும் வேலை. மேற்கோள் பட்டியல் அழகாக இருக்கும், ஆசிரியர் பெயர் உண்மை, இதழ் உண்மை, ஆண்டும் பக்கமும் பொருத்தம், கட்டுரை மட்டும் இருக்காது. சாட்ஜிபிடிக்கு உள்ளே இருக்கும் மொழி மாடல் என்பது அடுத்து வரத் தகுந்த சொல்லைக் கணித்து எழுதுவது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்துச் சொல்வது அல்ல. இணையத்தில் தேடிப் பதில் தரும் புது வகைகள் பரவாயில்லை, ஆனால் அவையும் கட்டுரை சொல்லாததைக் கட்டுரை சொன்னதாக எழுதுவதுண்டு.

நூலகர் செய்யும் சோதனை எளிது. டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்ணை, அதற்குரிய தளத்தில் போட்டுப் பார்ப்பது, பப்மெட்டில் 'சிங்கிள் சைட்டேஷன் மேச்சர்' என்ற பகுதியில் இதழ், ஆண்டு, பக்கம் கொடுத்துப் பார்ப்பது, அகப்பட்டால் சுருக்கத்தைப் படித்து, சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு மேற்கோளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். இதை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே ஒரு வகுப்பு.

ஏஐ எனக்குப் பிடிக்காத கருவி இல்லை. ஒரு பொருளுக்கு வேறு என்னென்ன பெயர்கள் உண்டு என்று கேட்டால் நல்ல பட்டியல் தருகிறது, சாணிப்பவுடர் மாதிரி இடத்தில் அது பெரிய உதவி. தேடல் வரியை எழுதித் தரச் சொன்னால்தான் இல்லாத மெஷ் சொல்லைக் கூசாமல் போட்டுவிடும். பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள், வரியை நீங்களே எழுதுங்கள்.

கருவிகள்: கை வைக்க வேண்டியவை

நிறைய இருக்கின்றன, எல்லாம் தேவையில்லை. மருத்துவ நூலகர் ஒருவருக்கு உண்மையில் வேண்டியது குறைவு.

1. மேற்கோள் மேலாண்மைக்கு ஜோட்டெரோ. 2006இலிருந்து இருக்கிறது, இலவசம், திறந்த மூலம். இணையச் சேமிப்பு 300 எம்பி வரைதான் சும்மா, ஆனால் கோப்புகளை நம் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அது ஒரு தடையே இல்லை. 2019இலிருந்து, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும். இந்த ஒரு வசதிக்காகவே மாணவர்களை இதற்கு மாற்றலாம். மெண்டலேயும் இலவசமாகக் கிடைக்கிறது, 2013இலிருந்து எல்செவியர் கையில் இருக்கிறது.

2. திரும்பப் பெற்ற கட்டுரைகளைச் சரிபார்க்க ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியல். 2023இல், டிஓஐ எண் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது.

3. சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்விக்கு இதுவரை வந்த எல்லா ஆய்வுகளையும் முன்கூட்டி வகுத்த விதிப்படி தேடி, சலித்து, தொகுக்கும் வேலை. இதில் ஆயிரக்கணக்கான தலைப்புகளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சலிக்க வேண்டும். அதற்குக் கத்தாரில் உருவான ரய்யான் கைகொடுக்கும், இலவசப் பயன்பாடு உண்டு. கோவிடென்ஸ் நன்றாக இருக்கும், ஆனால் காசு.

4. தனியார் கல்லூரி நூலகர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அன்பேவால். உலாவியில் சேர்த்துக்கொண்டால், சந்தா கேட்கும் கட்டுரைக்குச் சட்டப்படி திறந்த பிரதி வேறெங்காவது இருந்தால் காட்டும். அதிலும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல், பெரும்பாலோர் மகிழ்ச்சியாக அனுப்பிவிடுவார்கள்.

நூலக நிர்வாகத்துக்குக் கோஹா நன்றாகவே ஓடுகிறது. நியூசிலாந்தில் உருவானது, இலவசம். ஏற்கெனவே வேறு சாஃப்ட்வேர் சரியாக ஓடினால் அதை மாற்ற ஒரு வருடம் செலவழிக்காதீர்கள், அந்த வருடத்தைத் தேடல் கற்கச் செலவழிக்கலாம்.

இன்னொரு பக்கம் போலி இதழ்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற அவசரத்தில் ஆசிரியர்கள் மின்னஞ்சலில் வரும் அழைப்பை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள். நம்பிக் கொண்டிருந்த பட்டியல்களும் நிற்பதில்லை. போலி இதழ்களைத் தொகுத்த அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பியாலின் பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது, நல்ல இதழ்களுக்கான யுஜிசி-கேர் பட்டியலை 2025இல் யுஜிசியே கைவிட்டது. இனி ஒவ்வொரு இதழையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் இருக்கிறதா, மெட்லைனில் இருக்கிறதா (பப்மெட்டில் கட்டுரை வருவது வேறு, இதழ் மெட்லைனில் இருப்பது வேறு), ஆசிரியர் குழுவில் உள்ளவர்களுக்குத் தாங்கள் அதில் இருப்பது தெரியுமா. 'நாங்க பணம் கட்டிட்டோமுங்க, இனி என்ன பண்றது' என்று வரும்போது நூலகரால் செய்ய முடிவது அதிகமில்லை. கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கும் பழக்கத்தைத் துறைகளில் உண்டாக்க வேண்டும்.

எங்கே கற்பது

நம் பி.லிப்., எம்.லிப். படிப்பு எல்லா நூலகத்துக்கும் பொதுவானது. மருத்துவத் தகவல் அதில் ஒரு ஓரம். அமெரிக்காவில் மருத்துவ நூலகச் சங்கம் 1898இலிருந்து இருக்கிறது, மருத்துவ நூலகருக்கென்று தனித் தகுதி அங்கீகாரமே வைத்திருக்கிறது. இங்கே நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் வழி இருக்கிறது.

பப்மெட்டையும் மெஷ்ஷையும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகமே இலவச இணையப் பாடங்களாகச் சொல்லித்தருகிறது. முதலில் இதைத்தான் முடிக்க வேண்டும், மற்ற வெபினார்கள் காத்திருக்கட்டும். அடுத்து, சென்னையில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளம் வழியாக நடத்தும் அடிப்படை மருத்துவ ஆராய்ச்சிப் பாடம். பிஜி மாணவர்கள் முடித்தாக வேண்டிய பாடம் அது. நூலகரும் அதைப் படித்திருந்தால் மாணவர் 'கோஹார்ட்', 'கேஸ் கன்ட்ரோல்' என்று பேசும்போது கூடவே பேச முடியும். மூன்றாவதாக, பிரிஸ்மா-எஸ் என்ற 2021ஆம் ஆண்டு வழிகாட்டி. எந்த டேட்டாபேஸில், எந்தத் தேதியில், எந்த வரியைப் போட்டுத் தேடினோம் என்று எப்படி எழுதிவைப்பது என்பதை 16 அம்சங்களில் சொல்கிறது. அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளத் தகுந்தது.

நிர்வாகம் கொடுக்க வேண்டியது

மேலே சொன்ன கருவிகளிலும் பாடங்களிலும் பெரும்பாலானவை இலவசம். அப்படியிருந்தும் ஏன் நடப்பதில்லை? நேரம் இல்லை, கேட்பாரும் இல்லை. நூலகர் காலையிலிருந்து மாலை வரை வருகைப் பதிவு, நோ டியூ, ஆய்வுக்குழு வரும்போது புத்தக எண்ணிக்கை என்று ஓடிக்கொண்டிருக்கிறார். தீசிஸ் எழுதும் மாணவர் கடைசி வாரத்தில் வந்து 'லிஸ்ட் மட்டும் எடுத்துக் குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறனுங்க' என்கிறார். அப்போது எடுத்துக் கொடுக்கும் லிஸ்டால் ஆய்வின் கேள்வியை மாற்ற முடியாது.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, வாரத்தில் ஒரு அரை நாள் கற்பதற்கென்று பணி நேரத்திலேயே ஒதுக்குவது, கவுண்டரை அந்த நேரம் உதவியாளர் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு, தீசிஸ் தலைப்பு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன் நூலகரோடு ஒரு தேடல் அமர்வு கட்டாயம் என்று துறைத்தலைவர்கள் ஒப்புக்கொள்வது. அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' 2011இல் வெளியிட்ட சிஸ்டமேட்டிக் ரிவ்யூ தரக்கோட்பாடுகள், பயிற்சி பெற்ற நூலகரோடு சேர்ந்து தேடலைத் திட்டமிட வேண்டும் என்றும், அதை இன்னொரு நூலகர் சரிபார்க்க வேண்டும் என்றும் தெளிவாகவே சொல்கின்றன.

அந்த இன்னொரு நூலகர் நம் கல்லூரியில் இருக்கமாட்டார், பல இடங்களில் ஒருவர்தான். ஆனால் கோவையில் எழுதிய தேடல் வரியைப் பெருந்துறையில் இருப்பவர் பார்க்கலாம், பெருந்துறையில் எழுதியதைச் சேலத்தில் பார்க்கலாம். பிரஸ் என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலே இதற்காக இருக்கிறது: எழுத்துப்பிழை, 'ஆர்'-'ஆண்ட்' குழப்பம், விட்டுப்போன மெஷ் சொல், தேவையில்லாத வடிகட்டி என்று வரிசையாகப் பார்த்துக் குறித்து அனுப்ப வேண்டியதுதான். ஒரு வரியைப் பார்த்துக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகலாம். அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்ற வேறுபாடு சந்தாவில்தான் இருக்கிறது, இந்த வேலைக்கு அது குறுக்கே வராது.